கடைசிப் பந்திக்கு எடுத்து வைத்தவர்

எங்கள் பக்கத்தில் கோயில் பெரியவர் யாராவது இறந்துவிட்டால், அடக்க ஆராதனையில் பேசுகிறவர்கள் பேசுவது முக்கால்வாசி ஒரே பேச்சாகத்தான் இருக்கும். ஜெப வீரர், சபையின் தூண், நல்ல குடும்பத் தலைவர். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அடுத்த தெருத் துக்கத்திலும் அப்படியே வாசிக்கலாம். என் அப்பாவுக்கும் அதைத்தான் வாசித்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாழ்க்கைக் குறிப்பில் பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த வருஷம், பிள்ளைகள் எந்த ஊரில் என்ன வேலை, மருமக்கள் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இருந்தது, அப்பா இல்லை. அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்பதை அதற்குப் பிறகு ஆள் ஆளாகத் தேடிப்போய்க் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்ததில் கொஞ்சம் இது. கோயில் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும், வீட்டில் வயதான அப்பா அம்மாவை வைத்திருக்கிறவர்களுக்கும் உதவும் என்று தோன்றுகிற விஷயங்களையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஊர், தேரிக்காட்டு ஓரம். உடன்குடி பக்கம். சிவப்பு மணல், பனை, முருங்கை. மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திசை காட்டி. அப்பா எங்கள் திருச்சபை நடத்துகிற டி.டி.டி.ஏ. துவக்கப்பள்ளியில் வாத்தியார், அதனால் ஊருக்கெல்லாம் 'சார்வாள்'. பள்ளிக்கூடம் விட்டால் கோயில். சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டியில் இருந்தார், சபைக்குக் கணக்கு எழுதினார், ஞாயிறு பள்ளி எடுத்தார், ஐயர், அதாவது எங்கள் போதகர், வேறு ஊர் ஆராதனைக்குப் போயிருக்கும் ஞாயிறுகளில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனையும் நடத்துவார். பிரசங்கம் மட்டும் வராது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் அவருக்கே கொட்டாவி வந்துவிடும்.

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முறையில் டீக்கன் என்றால் குருப்பட்டத்துக்கு முந்தின படி. அப்பாவுக்கு அந்தப் பட்டம் கிடையாது, அங்கி போட்டதும் கிடையாது. ஆனால் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஏழு பேரை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால், அப்பா ஆயுசு முழுக்கச் செய்தது அந்த வேலையைத்தான். தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போகிறார்கள் என்று ஒரு கூட்டம் முறுமுறுத்தது. அதைச் சரிக்கட்ட ஏழு பேரை நிறுத்தினார்கள். சபையில் முதன்முதலாக ஒரு பொறுப்பு உண்டானதே சாப்பாட்டுச் சண்டையில்தான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான் பிறகு பெரிய பிரசங்கம் செய்து கல்லெறிபட்டார், அது வேறு. முதலில் அவருக்குக் கொடுத்த வேலை பந்தி விசாரணை.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயில் சண்டைகள் பாதி அதில்தான் ஆரம்பிக்கின்றன.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பைகள் வெஸ்ட்ரி என்கிற கோயில் அறைக்கு வந்ததும் மூன்று பேர் உட்காருவார்கள். மூன்று பேரும் மூன்று குடும்பமாக இருக்க வேண்டும். மாமன் மச்சினன் சேர்ந்து எண்ணக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். எங்கள் ஊரில் இதைக் கடைப்பிடிப்பது லேசு இல்லை, சுற்றிச் சுற்றி எல்லாரும் சொந்தம். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் திரும்ப எண்ணுவார், மூன்றாமவர் எழுதுவார். எண்ணிலும் எழுத்திலும் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவு திறக்கும். அதுவரை வெளியே வெயிலில் யார் நின்றாலும் சரி, வீட்டில் கறிக்குழம்பு ஆறிப்போனாலும் சரி. பணம் கோயில் பீரோவுக்குள் போகும். அதற்கு இரண்டு சாவி, ஒன்று ஐயரிடம், ஒன்று அப்பாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். திங்கள்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாங்கில் கட்டிவிடுவார்.

"கோயில் துட்டு நம்ம வீட்டு நடை ஏறக் கூடாது" என்பார். தெருவில் யாராவது நிறுத்தி, "சார்வாள், இத சங்கத்துக்கு வச்சிக்கிடுங்க" என்று ஐம்பது ரூபாய் கொடுத்தால், சட்டைப் பையில் இருக்கிற ரசீதுப் புத்தகத்தை எடுத்து அங்கேயே சைக்கிள் சீட்டில் வைத்து எழுதிக் கொடுப்பார். மாவரைக்கப் போகிற வழியில் பெண்கள் கொடுத்தாலும் அதே. "நம்பிக்கை இல்லாமலா கேக்கேன்?" என்று அவர்கள் கூச்சப்படுவார்கள். "எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல, ராத்திரிக்குள்ள மறந்துருவேன்" என்று சொல்லித் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். இதைக் கடைசிவரை மாற்றவில்லை. 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம், அதாவது ஒரு பேராயருக்குக் கீழே வருகிற பகுதி, தனியாகப் பிரிந்தபோது ரசீதுப் புத்தகத்தின் தலைப்பு மாறியது, அவ்வளவுதான்.

கொடுத்தவர் பட்டியலைக் கோயிலில் வாசிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அசனம் என்கிற கோயில் விருந்துக்கு இன்னார் இவ்வளவு, சங்கக் காணிக்கை இன்னார் இவ்வளவு. அப்பாவுக்கு அது பிடிக்காது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடு பத்தாயிரம் கொடுத்திருக்கும், பனையேறிப் பிழைக்கிற வீடு நூறு கொடுத்திருக்கும். நூறு ரூபாய் வாசிக்கப்படும்போது அந்த வீட்டு ஆள் தலையைக் குனிந்துகொள்வதை அவர் பார்த்திருக்கிறார். கமிட்டியில் ரொம்ப நாள் வாதாடி, கடைசியில் ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் நோட்டீஸ் பலகையில் ஒட்ட ஏற்பாடு செய்தார். கொடுத்தவர் தன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தால், தன் பணம் கணக்கில் ஏறியிருக்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. எந்தச் சபையிலும் இதைச் செய்யலாம், ஒரு பைசா செலவு கிடையாது. ஆனால் சிலருக்குக் கோபம் வரும். பெயர் வாசிக்கப்படும் என்பதற்காகவே கொடுக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. எங்கள் ஊரிலும் இரண்டு பெரிய காணிக்கைகள் அந்த வருஷம் குறைந்தன.

பிடி அரிசியை அவர் இன்னும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது இங்குள்ள பெண்களின் பழைய வழக்கம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிற வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர், 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் முக்கியமானவர். 1912-இல் தோர்ணக்கல்லுக்குப் பேராயராகவும் போனார். இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவர்தான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அப்பா முடிக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். மிஷனெரிக்குச் சம்பளம் போனது பெரிய மனிதர்கள் சட்டைப் பையிலிருந்து மட்டும் இல்லை, அடுப்படியிலிருந்தும் போனது. அந்த அரிசியில் ஒரு கைப்பிடி குறைந்தாலும் பாவம்.

இப்போது அசனத்துக்கு வருகிறேன். அப்பாவைப் பற்றி நான் கேட்டவர்களில் பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள்.

தெரியாதவர்களுக்காக: அசனம் என்பது கோயில் பண்டிகையில் ஊர் முழுக்கச் சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. நேர்ச்சைக்கு ஆடு வரும், அரிசி மூட்டை வரும், தேங்காய் வரும், கத்தரிக்காய் வரும். முந்தின ராத்திரியே ஆண்கள் அடுப்பு வெட்டி விடிய விடியச் சமைப்பார்கள். வடித்த சோற்றைப் பாய் விரித்துக் குவித்தால் ஆள் உயரத்துக்கு ஆவி பறக்கும். சபையார் மட்டும் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்கள், வழியில் போகிறவர்கள் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. வீட்டுக்கு வாளியில் வாங்கிக்கொண்டும் போவார்கள்.

இதில் எப்போதும் நடக்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது. முதல் பந்தியில் ஊர்ப் பெரியவர்கள், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள். அவர்கள் இலையில் கறித் துண்டு நிறைய விழும். கடைசிப் பந்தியில் யார் உட்காருவார்கள்? ராத்திரி முழுக்க விறகு தள்ளினவர்கள், பாத்திரம் கழுவின பெண்கள், கூட்டத்தில் முண்டியடிக்க முடியாத கிழவிகள். அவர்களுக்குக் குழம்பில் எலும்பும் கத்தரிக்காயும்தான் மிஞ்சும், சில வருஷம் அதுவும் மிஞ்சாது. படுக்கையில் கிடக்கிறவர்களை யாரும் நினைக்கவே மாட்டார்கள்.

அப்பா செய்தது எளிமையான ஏற்பாடு. குழம்பு இறக்கினதும், ஐயர் ஜெபம் பண்ணி முதல் பந்தி உட்காருவதற்கு முன்னாலேயே, ஒரு பெரிய அண்டாவில் கடைசிப் பந்திக்கான குழம்பை நிறையக் கறியோடு எடுத்து மூடி வெஸ்ட்ரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அப்புறம் தூக்குச்சட்டிகள். எந்தெந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். அந்த வீட்டுச் சட்டிகளை முந்தின நாளே வாங்கி, மூடியில் வீட்டுப் பெயரைச் சாக்பீஸால் எழுதி வரிசையாக வைத்திருப்பார். ஞாயிறு பள்ளிப் பையன்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பந்தி ஆரம்பிக்கும். ஒரு வருஷம் திருமண்டலத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து காத்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். "பிள்ளைங்க இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும், ஐயா கொஞ்சம் பொறுப்பாவோ" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த சட்டியில் குழம்பு ஊற்றப் போய்விட்டார். வந்த பெரியவர் உண்மையிலேயே பொறுத்துக்கொண்டு சிரித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவரும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பசி தாங்காமல் அழுதிருக்கிறேன். "ஏட்டி, கடைசில உக்காந்து தின்னாத்தான் குழம்புல கறி கெடக்கா எலும்பு கெடக்கான்னு தெரியும்" என்பார். சமையல் அளவு அவருக்கு மனப்பாடம். கிலோ அரிசிக்கு ஆறு பேர் என்று போடுவார், எட்டுப் பேர் என்று கல்யாணச் சமையல்காரர்கள் சொல்லும் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டார். "கல்யாணத்துல மொய் எழுதப் போறவன் அளந்து தின்பான், அசனத்துல நெறைய திங்கத்தான் வருவான்." எத்தனை மூட்டை வந்தது, எவ்வளவு மிஞ்சியது, எந்தப் பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வாங்கினது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பக்கம் எழுதி வைத்தார். பெரிய விருந்து எதையாவது வருஷா வருஷம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்தால் போதும், அடுத்த வருஷம் பாதித் தலைவலி இருக்காது. மிஞ்சியதை எழுதுவதுதான் முக்கியம். போனதை எல்லாரும் எழுதுவார்கள்.

அந்த நோட்டு இருந்ததால்தான் தேர்தலில் தோற்றபோது அவருக்குக் கஷ்டம் இல்லாமல் போனது. கோயில் தேர்தலைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. அது எப்படி நடக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. ஒரு தடவை கட்சி கட்டி அப்பாவைத் தோற்கடித்தார்கள். அம்மா இரண்டு நாள் கோயில் பக்கம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல முதல் மணிக்கே போய், ஜெயித்தவரை வெஸ்ட்ரியில் உட்கார வைத்து, சாவி, பாஸ்புக், கணக்கு நோட்டு, பாத்திர நோட்டு, படுக்கையில் கிடப்பவர்கள் நோட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பைபிளில் தீமோத்தேயு நிருபத்தில் உதவிக்காரர், அதாவது டீக்கன்மார், இருநாக்குள்ளவர்களாய் இருக்கக் கூடாது என்று வருகிறது. அந்த மனிதரைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்று அப்பா பேசியதே இல்லை. வீட்டிலும் "அவன் ஒரு மடையன்" என்றுதான் சொல்வார், அவர் முகத்துக்கு நேரேயும் அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பிறகு நெருங்கின சிநேகிதர்களானார்கள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்று மண் தள்ளினவர் அவர்தான்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர் யாராவது சேர்ந்திருந்தால், அப்பா பார்க்கப் போவது ராத்திரியில்தான். பகலில் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துபோவார்கள், ராத்திரி துணைக்கு ஆள் இருக்காது. மூன்று நாளாகத் தூங்காத மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். விடிந்ததும் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். போன இடத்தில் வைத்தியம் சொல்ல மாட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் இதேதான்..." என்று யாராவது ஆரம்பித்தால் அவர்களை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஜெபமும் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு வயதான அம்மா என்னிடம் சொன்னாள்: "சார்வாள் ஜெபம் பண்ணினா ஊசி போடுத நர்சுக்குக் கூட காத்திருக்க வேண்டாம், அதுக்குள்ள ஆமென் வந்துரும்." நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. பழம் வாங்கிக்கொண்டு போவதைவிட ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் செய்தவருக்கு வீட்டுக்கு எங்கே நேரம் இருந்தது என்று கேட்கலாம். இல்லை. அம்மாவுக்கு அதில் தீராத மனவருத்தம் இருந்தது. அண்ணனுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது அப்பா வேறு யாருக்கோ துணையாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அம்மா அன்றைக்குச் சண்டை போடவில்லை. மறுநாள் அவர் வந்ததும் கோயில் சாவியை அவர் கையிலிருந்து வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, "இன்னக்கி இந்த வீட்டு நோயாளிய நீங்க விசாரிங்க" என்றாளாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஞாயிறு முதல் மணி வரைக்கும் அப்பா வீட்டு ஆள். யார் வந்து கூப்பிட்டாலும் அம்மாதான் வாசலுக்குப் போவாள். சாவு என்றால் மட்டும் விடுவாள். காணிக்கையும் அப்படித்தான். சம்பளம் முழுசாக அம்மா கையில் வரும். தசம பாகத்தை அம்மா எண்ணிக் கொடுப்பாள். அதற்கு மேல் கொடுக்க வேண்டுமென்றால் அப்பா தன் டீச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஊழியம் செய்கிற பலர் வீட்டுப் பணத்தையும் வீட்டு நேரத்தையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு அதைத் தியாகம் என்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் அதற்குச் சம்மதித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மா கேட்டாள், அப்பா அதற்குக் கட்டுப்பட்டார். அவர் பக்தியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குடும்ப ஜெபம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும், முன்னால் வைத்தால் பசியில் சீக்கிரம் முடியும் என்பது அவர் கணக்கு. பைபிளில் ஆளுக்கு ஒரு வசனம் சுற்றி வாசிக்க வேண்டும். வம்ச அட்டவணை வந்தால் அந்த வாயில் நுழையாத பெயர்களை யார் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்று போட்டி. நாளாகம புஸ்தகத்தை அப்படிச் சிரித்துக்கொண்டே வாசித்த குடும்பம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தூக்க முடியாமல் போனபோது அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, தலை பின்னிவிடுவார். முதலில் அவருக்குப் பின்னல் வரவில்லை. என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பனைநாரை மூன்று புரியாக ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பழகினார். நான் லீவில் போனபோது அந்த நார் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னி முடித்து அம்மா இடது கையால் தடவிப் பார்த்து, "கோணலா இருக்கு" என்பாள். அவிழ்த்துத் திரும்பப் பின்னுவார். இரண்டாவது மணி அடிக்கும்வரை இது நடக்கும். எதற்கும் முதல் மணிக்கே போய்ப் பழகினவர் அந்தக் கடைசி வருஷங்களில் இரண்டாவது மணிக்குத்தான் போனார்.

அவர் போன பிறகு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. மேலேயே ஒரு தாள். பென்ஷன் உத்தரவின் எண் எங்கே இருக்கிறது, எந்த பாங்குக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, எதில் யார் வாரிசுதாரர், வீட்டுப் பத்திரம், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், சபை வரி எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது, அடக்கத்துக்கு எந்தப் பாட்டு வேண்டும், எந்தப் பாட்டு வேண்டவே வேண்டாம் என்பது வரைக்கும். கூடவே அம்மாவோடு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் சேர்ந்த படம், சில பிரதிகள். குடும்ப பென்ஷன் மாற்றுவதற்கு அந்தப் படத்தைக் கேட்பார்கள் என்று தெரிந்து, அம்மா நன்றாக இருந்தபோதே எடுத்து வைத்திருக்கிறார். வீட்டில் பென்ஷன் வாங்குகிறவர் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து அப்படியொரு தாளை எழுதச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் என்றால் கட்டணம் கிடையாது. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் பதிய வேண்டும். கோயிலின் அடக்கப் பதிவேட்டில் எழுதியாகிவிட்டது என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. சான்றிதழில் பெயரின் எழுத்து, ஆதாரிலும் பென்ஷன் புத்தகத்திலும் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எங்கள் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று இருப்பதால் பாதிப் பேருக்கு இங்கேதான் சிக்கல். பிரதிகள் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், பாங்கு, கருவூலம், இன்ஷூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

அப்புறம், நினைவுகளைச் சேர்த்த கதை. முதல் வருஷ நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் காசில் ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று நானும் அண்ணனும் முடிவு செய்தோம். அதற்காக ஆட்களைப் பார்க்கப் போனபோது கற்றுக்கொண்டது சில உண்டு.

"அப்பாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் ஜெப வீரர், சபையின் தூண் என்று அதே பேச்சுதான் திரும்ப வரும். "அப்பா உங்க மேல எப்பக் கோபப்பட்டாவ?" என்று கேட்டுப் பாருங்கள், கதை கொட்டும். அப்பாவுக்குக் கோபம் நிறைய வரும், அதுவும் கணக்கில் தப்பு வந்தால் கத்துவார், பிள்ளைகளைப் பாராட்டவே மாட்டார், புதுச் சட்டை எடுக்கவே பத்து யோசனை. இதையெல்லாம் புத்தகத்தில் போட வேண்டாம் என்று சித்தி சொன்னாள். போட்டோம். அதைப் படித்துவிட்டுத்தான் ஊர்க்காரர்கள், "ஆமா, இது நம்ம சார்வாள்" என்றார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சேர்த்து வைத்துப் பேச விடுவது நல்லது. ஒருவர் வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்துவார், சண்டை போட்டுக்கொண்டே புதுக் கதைக்குப் போவார்கள். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பெட்டி மேல் வைத்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பியைக் குடியுங்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போக வேண்டும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். பழைய படங்களின் பின்பக்கம் பெயர் எழுதும்போது பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் அச்சில் போடக் கூடாது என்பதும் உண்டு. அப்பாவிடம் கைமாற்று வாங்கினவர்கள் பெயர் அவருடைய டைரியில் இருந்தது. சிலவற்றுக்குப் பக்கத்தில் 'வந்தது' என்றும், சிலவற்றுக்கு 'முடிந்தது' என்றும் எழுதியிருந்தார். 'முடிந்தது' என்றால் வரவில்லை, இனிக் கேட்க வேண்டாம் என்று அர்த்தம் என அம்மா சொன்னாள். அந்தப் பக்கங்களைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. ஒருவர் தானாகவே வந்து, தன் பெயரைப் போட்டே ஆக வேண்டும், தான் திருப்பிக் கொடுக்காததையும் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் கதையை மட்டும், பெயர் இல்லாமல் போட்டோம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

புத்தகத்தை அசனத்தன்று கொடுத்தோம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். ஒன்றாம் வகுப்பில் அப்பாவிடம் படித்தவர் ஒருவர் மும்பை தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அங்கே எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைய. யாரோ அனுப்பிய படங்களில் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். ஊரை விட்டு ஓடிப்போன காலத்தில் அப்பா தனக்கு எழுதின கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறதாம். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். "அதெல்லாம் முடியாது தங்கச்சி, சார்வாள் திட்டி எழுதினது, கடையில இருக்கவன் எல்லாம் படிச்சிருவான். நேர்ல வா, இட்லி தின்னுட்டுப் படிச்சிட்டுப் போ" என்றார். அம்மாவை அண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். மே மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.